வியாழக்கிழமை மணி

எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜின் மாடிக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் மாலை ஏழரைக்கு ரோட்டரி சங்கத்தின் பித்தளை மணி அடிக்கும். பருத்தி வியாபாரி, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பல் டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று முப்பது பேர் எழுந்து நிற்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து. செயலர் அறிக்கை. அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் வருகிறவர்களுக்குக் கைதட்டல். அப்புறம் சிறப்புப் பேச்சாளர். அவருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. நாட்டுப்பண் முடிந்து கீழே இறங்கினால் இலை போட்டிருப்பார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறப்புப் பேச்சாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை என்பதால் அழைத்திருந்தார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியார் அந்தப் படியேறாமல் இருப்பது, அண்டை வீட்டார் வாசலிலேயே நின்று விசாரித்துப் போவது என்று நோயைச் சுற்றி ஊர் கட்டிவைத்திருந்த பழைய ஒழுங்கைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் ஜவுளிக்கடைக்காரர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “டீச்சர், நல்லாச் சொன்னீங்க. இதுக்கு நாங்க என்ன செய்யணும்?”

இலக்கியக் கூட்டங்களில் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். அங்கே நூல் சான்று கேட்பார்கள், மாற்றுக் கருத்து சொல்வார்கள், சில நேரம் சண்டைக்கும் வருவார்கள். நான் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்று என்னிடம் பதில் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் என் வீட்டுத் திண்ணையில் நாலு மாதமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சங்கங்களை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் அம்மா. கிராம சுகாதாரச் செவிலியர். நீலப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி இரண்டு மைல் நடந்து, பால்வாடியில் உட்கார்ந்து தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்புவாள். 1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் முதல் பல்ஸ் போலியோ நடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எடுபிடி வேலைக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனாள். பெட்டிக்குள் ஐஸ் உருகாமல் பார்ப்பது என் பொறுப்பு. அந்தச் சொட்டு மருந்து உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். குளிர்ச்சி விட்டுப்போனால் செத்துவிடும்; செத்த மருந்தைக் குழந்தை வாயில் விட்டால் விட்டதற்கும் விடாததற்கும் வித்தியாசம் இல்லை. இதை அம்மா மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குச் சொன்னாள்.

மதியம் அம்பாசிடர் காரில் நாலு பேர் வந்தார்கள். சங்கத்துக்காரர்கள். எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் பிளாஸ்கில் டீயும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் வெயிலில் கிடந்த பெஞ்சைத் தூக்கி வேம்படியில் போட்டார். இன்னொருவர் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்த தாய்மார்களின் வரிசை காலையில் வந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “வந்தாகல்ல, நல்லதுதான். அடுத்த தடவ வாராகளான்னு பாப்போம்.”

சேவை என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் அளக்க அம்மாவிடம் இருந்த ஒரே படி அதுதான். அவர்கள் அடுத்த மாதச் சுற்றுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டும் வந்தார்கள். அம்மா ஓய்வு பெறும்வரை அவர்கள் வராத போலியோ நாள் ஒன்றுகூட இல்லை. தலைவர்தான் ஆண்டுக்கு ஒருவர். ஜூலை 1 அன்று ஒருவர் பதவி ஏற்பார், அடுத்த ஜூன் 30 அன்று இறங்கிவிடுவார். அம்மா அவர்களை வைத்தே ஆண்டுகளை நினைவு வைத்திருந்தாள். பல் டாக்டர் வருஷம், அரிசி மண்டிக்காரர் வருஷம், மழை கொட்டிய அந்தச் சோடா கம்பெனிக்காரர் வருஷம்.

ஆண்டுக்கொரு தலைவரைக் கொண்ட ஒரு கூட்டம் நாற்பது ஆண்டு வேலை ஒன்றை எப்படிக் கையில் பிடித்து வைத்திருந்தது? இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தலைவருக்கும் தன் பெயர் சொல்ல ஒரு திட்டம் வேண்டும். முந்தைய தலைவரின் திட்டத்தைத் தூக்கிச் சுமப்பதில் பெயர் இல்லை. அந்த முறையில் நீண்ட வேலை எதுவும் நிற்கக் கூடாது. ஆனால் நின்றது.

ரோட்டரி 1979-ல் பிலிப்பைன்ஸில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. 1985-ல் உலகம் முழுவதற்குமாகப் போலியோபிளஸ் என்று அதை விரித்து, 12 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னது. 1988-க்குள் 24.7 கோடி டாலர் சேர்ந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டுதான் போலியோ ஒழிப்பைத் தன் இலக்காக அறிவித்தது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் கால் சூம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். 2009-ல்கூட இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது; உலகக் கணக்கில் ஏறக்குறையப் பாதி. ஒழிக்கவே முடியாது என்று நிபுணர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த இரண்டே ஆண்டில், 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததோடு காட்டுவகைப் போலியோ இந்தியாவில் நின்றது. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழ் கிடைத்தது. சொட்டு மருந்தை விட்ட கைகள் என் அம்மாவைப் போன்ற அரசு ஊழியர்களின் கைகள். சங்கங்கள் செய்தது அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் நின்றது. பணம் கொடுத்து, பந்தல் போட்டு, சாப்பாடு கட்டி, ஆட்சியர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து நின்றது. அலுத்துப் போகாமல் நின்றது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தக் கதையில் வேலூருக்கு ஓர் இடம் உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1970-களில் சங்கடமான உண்மை ஒன்றைக் கண்டுசொன்னார். மூன்று முறை சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் நம் நாட்டில் போலியோ வருகிறது. மேலை நாட்டில் போதுமான அளவு இங்கே போதவில்லை. திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். தனித்தனியாக இல்லாமல் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் மருந்து வைரஸ் ஊரெங்கும் பரவி, காட்டு வைரஸுக்கு இடமில்லாமல் செய்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்தில் இது செய்து பார்க்கப்பட்டது. உள்ளூர் ரோட்டரிக்காரர்களும் அதில் கைகொடுத்தார்கள். பல்ஸ் என்றால் நாடித் துடிப்பு. விட்டுவிட்டு வருவது, ஆனால் தவறாமல் வருவது. பெயரிலேயே மருத்துவம் முழுவதும் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த விடையும் அந்தத் துடிப்புதான். சங்கத்துக்கு இரண்டு காலக் கணக்கு. ஒன்று வருடம், அது தலைவருடையது. இன்னொன்று வாரம், அது யாருடையதும் இல்லை. தலைவர் மாறினாலும் வியாழக்கிழமை மாறுவதில்லை. ஒரு வியாழன் தவறவிட்டவர் அடுத்த வியாழன் அதே நாற்காலியில் உட்காரும்போது, போன மாதம் ஏற்றுக்கொண்ட வேலை என்னாயிற்று என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். முகத்துக்கு முகம் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையும் ஈடாகாது. தொடர்ந்து நாலு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் தகுதியே போய்விடும் என்று முன்பு ரோட்டரியில் விதி இருந்தது. வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கத்துக்குப் போய் வருகையைப் பதிந்துகொண்டு வருவார். 2016-ல் மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். வேலைப்பளு மிகுந்த இளைஞர்களை ஈர்ப்பதற்காக என்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். இருந்தாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரோட்டரியின் தொடக்கமே ஒரு சந்திப்புதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில், ஒரு சுரங்கப் பொறியாளரின் அலுவலகம், அறை எண் 711. வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி ஒருவர், தையற்காரர் ஒருவர், அந்தப் பொறியாளர் என்று நாலு பேர். வெர்மான்ட்டின் சிற்றூரில் வளர்ந்த ஹாரிஸுக்குப் பெருநகரத்தில் பேச்சுத்துணை இல்லை. ஆளுக்கொரு முறை அவரவர் அலுவலகத்தில் சுழன்று சுழன்று கூடியதால் ரோட்டரி, தமிழில் சுழற்சங்கம். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பொதுப்பணிகளில் ஒன்று நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. ஒண்ட இடமில்லாதவர்களின் உடல் தேவை ஒன்றிலிருந்து இந்தச் சேவை தொடங்கியது என்பது எனக்கு நிறைவு தருகிறது.

பேச்சாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரப் பேச்சு ஒரு சடங்கு, சாப்பாட்டுக்கு முன் கடக்க வேண்டிய அரை மணி என்று நினைப்பவர்கள் உறுப்பினர்களிலேயே உண்டு. ஆனால் 1925-ல் ஒஹையோவின் சீடர் பாயின்ட்டில் அரிமா சங்கங்களின் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் பேச வந்தார். பார்வையும் செவியும் அற்ற ஒரு பெண், பார்வையற்றவர்களுக்காக எழும்படி அந்த வணிகர்களிடம் கேட்டார். அரிமா சங்கங்கள் கண்ணைத் தம் பணியாக ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஒரு பேச்சுதான் வேர். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் நம் ஊர்ச் சுவரில் ‘இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்ற எழுத்துக்குக் கீழே அரிமா சங்கத்தின் பெயர் இருக்கிறது. கேட்பவர்களிடம் ‘என்ன செய்யணும்’ என்ற கேள்வி தயாராக இருந்தால் ஒரு பேச்சு இவ்வளவு தூரம் போகும்.

கண் முகாமை எங்கள் பக்கத்து மக்களின் பேச்சில் ஒரு சொல்லாக ஆக்கியவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதம் விரல்களை வளைத்துப்போட்ட நிலையில் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்ட மனிதர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவக் குழு அவர்களுடையது. இடம் பிடிப்பது, ஊருக்குத் தெரிவிப்பது, பந்தல் போடுவது எல்லாம் உள்ளூர்ச் சங்கங்களுடையது என்ற ஏற்பாடு தெற்கு மாவட்டங்களில் அப்படித்தான் வேர்விட்டது. அந்த நாட்களில் புரையை எடுத்தபின் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடியும் இருட்டு. 1992-ல் ஆரோலேப் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கிய பிறகு அந்தக் கஷ்டம் விலகியது.

அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் பிற ஆய்வாளர்களும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் செய்து 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கண்ணில் குறை உள்ளவர்களில் முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. பயம், செலவு, குடும்பப் பொறுப்பு என்று போகாதவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. இலவசம் என்று அறிவித்த பிறகும் அந்தத் தொண்ணூற்று மூன்று பேர் வீட்டிலேயே இருந்தார்கள். ஆட்டை யார் பார்ப்பது, கூட யார் வருவது, போன நாள் கூலி போனதுதானே என்ற கணக்குகள் முகாம் பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தன் முகாமின் குறையைத் தானே அளந்து வெளியே சொல்லும் துணிவு மருத்துவத்தில் அரிது. பிறகு அவர்கள் முகாமோடு நிற்காமல், எல்லா நாளும் திறந்திருக்கும் சிறிய பார்வை மையங்களைக் கிராமங்களின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

இனித் திண்ணைக்கு வருகிறேன்.

நான் பேசப் போவதற்கு நாலு மாதம் முன்பு, நவம்பர் 14, நீரிழிவு நாளில், எங்கள் ஊர்த் தேரடியில் சங்கம் ஒரு சர்க்கரை முகாம் நடத்தியது. விரல் நுனியில் குத்தி, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கூடியிருந்தவர்களுக்கு விளக்கியும் சொன்னார்கள், கஞ்சியும் ஊற்றினார்கள். நல்ல கூட்டம். மறுநாள் பத்திரிகையில் பயனாளிகள் எண்ணிக்கையோடு செய்தி வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தேரடியில் முறுக்கு சுடும் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றாலும் தெருவுக்கு என் அம்மா நர்ஸம்மாதான். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டி, “நர்ஸம்மா, இந்த நம்பரு நல்லதா கெட்டதா?” என்று கேட்டார். 286. கீழே ‘மருத்துவரை அணுகவும்’ என்ற முத்திரை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும், எந்த மருத்துவரை, என்றைக்கு? விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்து மதியம் வரை முறுக்கு சுட்டால்தான் அன்றைய வீடு ஓடும். அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டு கொடுப்பதும் அதே நேரத்தில்தான்.

அந்த அம்மாவும் பத்திரிகையில் வந்த எண்ணிக்கையில் ஒருவர். பயனாளி. அவர் பெற்ற பயன் ஓர் எண்.

நீரிழிவு போலியோவைப் போல ஒழிக்கிற நோய் இல்லை. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இருக்கிறது. இரண்டு சொட்டு விட்டு, விரலில் மை வைத்து அனுப்ப முடியாது. கண்டுபிடித்த நாளில் வேலை தொடங்குகிறது. அந்த மனிதரின் ஆயுள் முழுவதும் நீள்கிறது. மாத்திரை, சாப்பாடு, பாதத்தில் புண் வராமல் பார்ப்பது, ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுவது. தமிழ்நாடு அரசு இதை உணர்ந்துதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. பட்டியலில் இருப்பவர்களுக்கு இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ முறுக்குக்கார அம்மாவுக்கு ஏழு கடல் தாண்டுகிற வேலை.

ஜவுளிக்கடைக்காரர் கேட்ட அன்று இதைச் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை. ஒரு சீட்டு, ஒரு எண், ஒரு கேள்வி என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முகாமின் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கேட்டார். செயலரிடம் இருந்தது. மறுநாள் மேலாளர் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினார்.

இருநூற்றுச் சொச்சம் பெயர்களில் எண் அதிகமாக இருந்தவர்களை மட்டும் எடுத்து எழுதினார். பாதிப் பேருக்கு மேல் முகவரி இல்லை. கைபேசி எண்ணில் தவறு. என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். அம்மா தெரு தெருவாகச் சொல்லச் சொல்ல நோட்டில் அடையாளம் ஏறியது. கொல்லன்பட்டறைக்குப் பின்வீடு. ரேஷன் கடை எடையாளரின் மாமியார். தேரடி முறுக்குக்கார அம்மா. செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, தன் ஸ்கூட்டரிலேயே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ப் பெயர் பதிய வைத்தார். முறுக்குக்கார அம்மா போன செவ்வாயில் பல் டாக்டரின் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் இப்போது சங்க உறுப்பினர். ரோட்டரி பெண்களைச் சேர்க்க 1989-ல்தான் விதியைத் திருத்தியது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் பட்டியலில் பெண் பெயர் ஏற இன்னும் வெகுநாள் ஆயிற்று. அம்மா பெட்டி சுமந்த ஆண்டுகளில் பெண்கள் மேடையில் பொன்னாடை எடுத்துக் கொடுப்பவர்களாக மட்டும் இருந்தார்கள்.

நோட்டில் இருப்பவர்கள் எல்லாரும் தேறிவிடவில்லை. நாலு பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவருக்குக் கால் விரல் எடுக்க வேண்டி வந்தது. ஆறு மாதம் முந்திப் போயிருக்கலாம் என்று மேலாளர் இன்னும் சொல்லி வருந்துகிறார். நாட்டு மருந்தே போதும் என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கும் மாதம் ஒரு தடவை போகிறார். திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார்.

இந்த ஆண்டு ஜூன் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சாளர் யாரும் இல்லை. சுவரோரமாகப் புதுத் தலைவரின் பதவியேற்பு விழாவுக்கான பேனர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மணி அடித்தது. பேச்சாளருக்குரிய அரை மணியில் மேலாளர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார். பட்டறைப் பின்வீடு, 162, கண் காட்டியாயிற்று. எடையாளர் மாமியார், 210, மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடுகிறார், மகளிடம் பேச வேண்டும். ஒவ்வொரு வரியாக வாசித்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேரடி முறுக்குக்கார அம்மா, 146. இந்த மாதம் மாத்திரை வீட்டுக்கு வரவில்லை, நேரில் போய்க் கேட்க வேண்டும்.

அம்மா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“செவ்வாக்கெழமைக்கு யாரு போறது?”